இடிதாங்கியின் வாசகர்கள்

ஜனவரி 12

என் வாலுத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சௌக்கியம். முதுகுவலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது, சிறையில் அதுவும் ஒரு பேச்சுத்துணைதான். உன் உடம்பு எப்படி, மாப்பிள்ளை எப்படி, அவர் மருந்துக்கடையில் வியாபாரம் எப்படி என்று விவரமாக எழுது.

உன் தொடர்கதையின் ஒன்பதாம் பகுதி வந்து சேர்ந்தது. சலவைக் கொட்டகையில் நாங்கள் நாலு பேர் இஸ்திரி போடுகிறவர்கள். நான் கதை படித்தால் மற்ற மூவரும் என் பங்குத் துணியையும் தேய்த்துத் தருகிறார்கள். கொதிகலன் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது, அது வேறு விஷயம். நாம் சின்ன வயதில் பிய்த்துப் பிடுங்கிப் படித்த வாரப் படக்கதையை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. இடிதாங்கி என்கிற வீரனுக்கு விழுகிற அடியெல்லாம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் மொத்தத்தையும் ஒரே அடியாகத் திருப்பிக் கொடுப்பான் என்று விளக்கினேன். படக்கதை நின்றுபோன பிறகு அவனைச் சாகவிடாமல் இணையத்தில் எழுதிக்கொண்டிருப்பது என் தங்கை என்று பீற்றிக்கொண்டேன்.

தண்டவாளத்தில் வைத்து வில்லன் பாதரசனின் தாடையை அவன் உடைத்த இடத்தில், பற்கள் ஜல்லியில் சிதறின என்று எழுதியிருந்தாயே, கொட்டகையே கூத்தாடியது. வார்டன் வந்து கதவில் தடியால் தட்டினார். பூட்டுக்காரருக்கு மட்டும் ஒரு குறை. அவர் வீடு புகுந்து திருடி உள்ளே வந்தவர். உன் வீரன் எப்போதும் சுவரை உடைத்துக்கொண்டு நுழைகிறானாம், தொழில் தெரிந்தவன் செய்கிற வேலையா அது என்று கேட்கிறார். வாத்தியாருக்கு இன்னும் ரத்தம் வேண்டும். வாத்தியார் என்றதும் பயப்படாதே, போலிச் சான்றிதழ் அச்சடித்தவர், பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. மூன்றாமவர் லாரி ஓட்டுநர். மனைவியைக் கொன்றுவிட்டு ஆயுள் தண்டனையில் இருக்கிறார். அவர் எப்போதுமே எதுவும் சொல்வதில்லை.

கடிதங்களைப் படித்து, ஆகாத வரிகளைக் கருப்பு மையால் அடிக்கிற அதிகாரிக்கு இங்கே மைக்காரம்மா என்று பெயர். உன் கதையில் ஒரு வரியைக்கூட அவர் தொடவில்லை. எத்தனை மண்டை உடைந்தாலும் கவலையில்லை அவருக்கு. பூட்டு, கதவு, நேரம் என்று வந்தால்தான் பாட்டிலைத் திறப்பார். தைரியமாக அடித்து நொறுக்கு.

அன்போடு,
அண்ணன்


ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ முதுகுக்கு வெந்நீர் ஒத்தடமாவது கொடுத்துக்கொள். எனக்கு இடது தோளில் கொஞ்சம் பிடிப்பு. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் குனிந்து லென்ஸ் பொருத்துவதால் இருக்கும். அவர் மருந்துக்கடையிலிருந்து களிம்பு கொண்டுவந்து அவரே தேய்த்துவிட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பத்தாம் பகுதி இத்துடன் இருக்கிறது. இணையத்தில் வாசகர்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். பகுதி முழுக்க இடிதாங்கி அடி வாங்குகிறான், திருப்பி அடிக்கவில்லை, அதுதான் கோபம். ‘இவன் இடிதாங்கியா, மிதியடியா’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவர், எழுதுகிறவளுக்குச் சண்டை என்றால் என்னவென்றே தெரியாது, நாலு சண்டைப் படம் பார்த்துவிட்டு வரட்டும் என்கிறார். கீழே நூற்றுக்கணக்கான பேர் கைதட்டியிருக்கிறார்கள். உன் ஆட்களாவது என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன். கடிதத்தைக் கண்ணாடிக் கடை விலாசத்துக்கே போடு. வீட்டுக்கு வருகிறதை அவர்தான் முதலில் பிரிக்கிறார்.

‘சண்டை தெரியாதவள்’ என்று அவர்கள் சொன்ன இடம் இதுதான்:

“பாதரசன் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். முதல் அடியில் இடிதாங்கியின் பின்மண்டை அலமாரியில் மோதி, உள்ளே தட்டுகள் குலுங்கின. அடுத்தது விலாவில். மூச்சு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே முடியைக் கொத்தாகப் பிடித்துத் தரையில் இழுத்தான். கன்னம் பட்ட இடத்தில் தரை சில்லென்று இருந்தது. அடி விழாத அந்த நொடியில் அது சுகமாகக்கூட இருந்தது. பிறகு உதைக்கத் தொடங்கினான். முகத்தை மட்டும் விட்டுவிட்டான். நாளைக்கு இடிதாங்கி வேலைக்குப் போக வேண்டும்.”

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாக இல்லை, ஆனால் பிழைத்துக்கொள்வேன். புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். உன் பத்தாம் பகுதியால் வந்த வினை.

நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பிரிவிலிருந்து போர்வை எடுக்க வந்த ஒரு தடியன் நின்று கேட்டான். உன் ஹீரோவுக்கு ஆண்மை இல்லை என்று சிரித்தான். பூட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. நீராவிக் குழாயைப் பிடுங்கி அவன் முழங்காலில் ஒன்று போட்டார். அவன் ஆட்கள் நாலைந்து பேர் உள்ளே புகுந்தார்கள். வாத்தியாரை வெள்ளாவித் தொட்டியில் தலைகீழாக அமுக்கினார்கள். என்னை மேஜை விளிம்பில் மோதினார்கள், கண்ணுக்குள் ரத்தம் இறங்கி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. நானும் ஒருவன் காதைப் பிடித்துச் சூடான பலகையில் வைத்து அழுத்தினேன். வார்டன்கள் தடியோடு வந்து பாகுபாடு பார்க்காமல் எல்லாரையும் வெளுத்தார்கள்.

ஓட்டுநர் மட்டும் அசையவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு, என் புருவத்தில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இத எழுதினது யாரு?”

என் தங்கச்சி என்றேன்.

“அவ புருஷன் வாட்ச் கட்டுவானா?”

கட்டுவார் என்றேன். “நான் டிவி மேல கழட்டி வெப்பேன்” என்றார். அப்புறம், அடிக்கிறவன் எழுதினால் கையைப் பற்றி எழுதுவான், இது தரையைப் பற்றி எழுதியிருக்கிறது, தரை சில்லென்று இருப்பது கீழே கிடந்தவளுக்குத்தான் தெரியும் என்றார். அவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

நேராகக் கேட்கிறேன். அவன் உன்னை அடிக்கிறானா? தோள்பிடிப்பு கதையெல்லாம் வேண்டாம். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் புருவம் ஆறியதா? தையல் போட்ட இடத்தைச் சொறியாதே, சின்ன வயதிலிருந்தே அது உன் கெட்ட பழக்கம்.

இது கடையிலிருந்து எழுதும் கடைசிக் கடிதம். இன்றோடு வேலையை விடுகிறேன். வீட்டிலிருந்தே நிம்மதியாக எழுதலாமே என்று அவர் சொன்னார். கண்ணாடிக் கடை முதலாளியிடமும் அவரே வந்து பேசிவிட்டார், மரியாதையாகத்தான் பேசினார். இனி வீட்டுக்கு எழுது. அவர் பிரித்துப் படிப்பார். என் கடிதங்களையும் அவர்தான் தபாலில் போடுவார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத என் கை வரவில்லை அண்ணா. ஓட்டுநரிடம் மட்டும் இதைச் சொல்: வாட்ச் மட்டுமல்ல, மோதிரத்தையும் கழற்றுவான். பாதரசனைச் சொல்கிறேன்.

பதினோராம் பகுதியில் இடிதாங்கி அந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே போவான், எப்போது போவான், எந்த வழியாகப் போவான் என்று யோசித்தால் ஒரு வரிகூட டைப் அடிக்க முடியவில்லை. இணையத்தில் கேட்டேன். பாதரசனின் குடலை உருவு, வீட்டோடு கொளுத்து என்கிறார்கள். அவர்களுக்கென்ன. உன் வாசகர்களைக் கேட்டு எழுது. கதையைப் பற்றி நீ எவ்வளவு எழுதினாலும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

உனக்கு அடுத்த வருஷம் விடுதலை. அது கெட்டுப்போகிற மாதிரி எதையும் செய்துவைக்காதே. இதை நான் காலில் விழுந்து கேட்கிறதாக வைத்துக்கொள்.

தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். தையல் பிரித்தாயிற்று. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேலையை விட்டது நல்லது, இனி கதையில் முழுக் கவனம் வைக்கலாம்.

பதினோராம் பகுதிக்கு வாசகர் யோசனைகள் இதோ. பூட்டுக்காரர் சொல்வது: இடிதாங்கி சுவரை உடைக்க வேண்டாம். ■■■■■■■ கதவு ■■■■■■■■■. ■■■■■ தாழ்ப்பாள் ■■■■■■■■■■■■. வாத்தியார் சொல்வது: அடையாள அட்டை ■■■■■■■■■■■■■.

ஓட்டுநர் துணியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முழுப் பக்கம் சொன்னார். சண்டை போட வேண்டாம். ■■■■■■■■ சொல்லாமல் ■■■■■■■. ■■■■■■■ சாதாரண நாளில் ■■■■■■■■■■■■■■■. பையை ■■■■■■■■. செருப்பு ■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■.

■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■■.

கதை சுபமாக முடிய வேண்டும் என்று கொட்டகையே காத்திருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். நான் உங்களுக்கு எழுதுவது இதுவே முதல் முறை, மன்னிக்கவும். கடை வேலை சரியாக இருக்கிறது.

உங்கள் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கை விரல்களில் அடிபட்டுக்கொண்டாள். பயப்பட ஒன்றுமில்லை, கட்டுப் போட்டிருக்கிறேன், மாத்திரை கொடுக்கிறேன். நிறையத் தூங்குகிறாள். அவளால் எழுத முடியாததால் பதினோராம் பகுதியை அவள் சொல்லச் சொல்ல நானே டைப் செய்தேன். உங்கள் நண்பர்கள் ஏமாந்துவிடக் கூடாது அல்லவா.

உங்கள் போன கடிதம் கருப்பாக வந்தது. விளக்குக்கு நேரே பிடித்தால் மைக்கு அடியிலும் எழுத்துத் தெரிகிறது. யோசனைகள் சுவாரசியமாக இருந்தன. ஆனால் ஒரு வாசகனாக எனக்கும் ஒரு கருத்து உண்டு. இடிதாங்கி ஏன் வீட்டை விட்டுப் போக வேண்டும்? அவனுக்கு அங்கே என்ன குறை?

பகுதியின் முடிவு இப்படி வருகிறது:

“பாதரசனின் முஷ்டி இடியாக இறங்கியது. அவன் விரல் கணுக்கள் வலித்தன. ஒவ்வொரு அடியிலும் அவன் கைதான் வீங்கியது. இவ்வளவு வலியையும் அவனுக்குக் கொடுத்தது இடிதாங்கியின் பிடிவாதம். கடைசியில் இடிதாங்கி மண்டியிட்டு, தப்பு என்னுடையது என்றான். வீடு அமைதியானது.”

அடுத்த கடிதங்களையும் நானே எழுதுவேன். உடல்நலம் பேணவும்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்


ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

சலவைக் கொட்டகைக் கைதியின் வணக்கம். கைதிகளின் கடிதங்களைப் படிப்பவர் நீங்கள் என்பதால் இந்த மனுவை உங்களுக்கே எழுதுகிறேன். மை அடிப்பதற்கு முன் தயவுசெய்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

மார்ச் மாதம் நான் என் தங்கைக்கு எழுதிய கடிதத்தின் நகலைச் சிறையுடைப்புத் திட்டம் என்று மேலிடத்துக்கு அனுப்பினீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. கதவு, தாழ்ப்பாள், சொல்லாமல் கிளம்புவது என்று சிறைக்குள்ளிருந்து எழுதினால் யாருக்கும் அப்படித்தான் படும். எங்கள் நாலு பேரையும் தனியறையில் போட்டார்கள். எந்தக் கதவு என்று கேட்டு அடித்தார்கள். என் தங்கை வீட்டுச் சமையலறைக் கதவு என்றேன். நக்கலா என்று இன்னும் அடித்தார்கள். எனக்கு விலா எலும்பு ஒன்று போயிற்று. பூட்டுக்காரருக்கு இரண்டு பல். ஓட்டுநரின் உள்ளங்காலில் அடித்தே தோலை உரித்துவிட்டார்கள். அதைப் பற்றிப் புகார் சொல்ல இந்த மனு இல்லை.

அந்தக் கடிதத்தில் இருந்தது ஒரு பெண் தன் புருஷனிடமிருந்து உயிரோடு வெளியேறுவதற்கான யோசனை. நாங்கள் தனியறையிலிருந்து வெளியே வந்தபோது என் மைத்துனரின் கடிதமும் கதையின் பதினோராம் பகுதியும் காத்திருந்தன. அந்தப் பகுதியை நான் கொட்டகையில் படித்தேன். முதல் பத்தி முடிவதற்குள் ஓட்டுநர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

“இது அவ எழுதினது இல்ல. இத நான் எழுதின மாதிரி இருக்கு.”

அடித்தவனின் கை வலிக்கிறது என்று கதையில் வருகிறது, அம்மா. அடி வாங்கினவளுக்கு அதைப் பற்றி என்ன கவலை? பத்தாம் பகுதியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் உங்கள் கையைத் தாண்டித்தான் வந்தன, உங்களுக்கே தெரியும். என் தங்கை விரல்கள் வழுக்கி விழுந்து உடையவில்லை. நிறையத் தூங்குகிறாள் என்று எழுதியிருக்கிறார், அவர் மருந்துக்கடைக்காரர். எதைக் கொடுத்துத் தூங்க வைக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு ஒரே ஒரு போன் செய்யுங்கள். போலீஸ் வாசலில் நின்றால் அவர் சிரித்துப் பேசித் திருப்பி அனுப்புவார், உள்ளே போய் அவளைக் கண்ணால் பார்க்காமல் திரும்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். பதிலுக்கு என் விடுதலையைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் போடுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
இஸ்திரிக்காரன்


ஏப்ரல் 20

சலவைக் கொட்டகைக்கு,

உங்கள் விலாவை நாளை மருத்துவர் பார்ப்பார். ஓட்டுநரின் காலையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கைதிக்கு நான் குறிப்பு எழுதுவது விதிப்படி தவறு. அந்தப் பதினோராம் பகுதிக்கு அனுமதி முத்திரை குத்தியவள் நான். குத்தும்போதே ஏதோ உறுத்தியது. கதைதானே என்று விட்டுவிட்டேன்.

காவல் நிலையத்தில் பேசினேன். கதையில் வில்லன் கை வலிக்கிறது என்பதற்காக நாங்கள் வீடு ஏற வேண்டுமா என்று சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, எந்த அதிகாரி மறுத்தார் என்று எழுதிக்கொள்ளப் பெயர் கேட்டேன். கிளம்பியிருக்கிறார்கள். வேறு ஒன்றும் இப்போது தெரியாது.

இந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.


மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதுகிறார். நல்ல மனுஷி, என் வார்த்தையை மாற்றாமல் எழுதுகிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். உன் விலா எப்படி இருக்கிறது? மைக்காரம்மா போனில் எல்லாம் சொன்னார்.

உயிரோடு இருக்கிறேன். விரல்கள் மூன்று உடைந்திருக்கின்றன, ஒன்று இனி மடங்காதாம். கீழ்த்தாடைக்குக் கம்பி போட்டிருந்தார்கள், நேற்றுத்தான் தளர்த்தினார்கள், அதனால்தான் இத்தனை நாள் கடிதம் இல்லை.

உன் கருப்புக் கடிதம் வந்த அன்று அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்து எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ‘அவனிடம் சொல்லாமல் கிளம்பு. ஏதாவது ஒரு சாதாரண நாளில் போ. பையைத் தொடாதே. செருப்பு மட்டும் போட்டுக்கொள். கதவு எது அருகில் இருக்கிறதோ அதுவே வழி.’ ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, “நல்லா இருக்குல்ல?” என்று கேட்டார். முடித்துவிட்டு வாட்சைக் கழற்றினார். எந்தக் கையால் டைப் அடிக்கிறாய் என்று கேட்டு, அந்தக் கையை அலமாரி இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். திறந்து மறுபடி சாத்தினார். விரல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. அதற்கப்புறம் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார். எத்தனை நாள் என்று தெரியாது. ஆனால் நீ எழுதியது முழுக்க மனப்பாடமாகிவிட்டது அண்ணா. அவரே படித்துக் காட்டினாரே.

போலீஸ் வந்தபோது அவர் வாசலில் நின்று சிரித்துப் பேசுவது கேட்டது. தூங்குகிறாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார். நான் எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாற்றுத் துணி எதுவும் எடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டேன். பேசாமல் அவரைத் தாண்டினேன். அவருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு இரண்டு போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் முடியைப் பிடித்து வாசல் நிலையில் முகத்தை மோதினார். அதுவரை முகத்தைத் தொட்டதே இல்லை. மோதிய வேகத்தில் தாடை போயிற்று. ஒரு போலீஸ்காரர் அவரைப் பிடிக்கப் போய் மாடிப்படியில் உருண்டார். மற்றவர் லத்தியால் அவர் மணிக்கட்டில் அடித்து என் முடியை விடுவித்தார். நான் படியில் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டு சிரித்தேனாம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

அவர் இப்போது காவலில் இருக்கிறார். நான் இங்கிருந்து பெண்கள் விடுதிக்குப் போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். பையைத் தொடாதே, சொல்லாதே என்றது ஓட்டுநர்தானே? வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. எல்லாரும் அடி, குத்து, கொளுத்து என்றுதான் சொன்னார்கள். அவருக்கு எப்படித் தெரிந்தது?

தங்கை


மே 20

என் தங்கத்துக்கு,

நான் நலம், விலா கூடி வருகிறது. உன் கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை. வாத்தியார் வாங்கிப் படித்தார், அவரும் பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்தினார். பூட்டுக்காரர் கொதிகலனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தாடை ஆறும்வரை கடினமாக எதையும் கடிக்காதே.

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் நேராக அந்த மருந்துக்கடைக்குப் போய் அவன் பத்து விரலையும் எண்ணி எண்ணி ஒடிப்பது என்று வைத்திருந்தேன். தனியறையில் அடி வாங்கும்போதெல்லாம் அதை நினைத்துத்தான் பல்லைக் கடித்தேன். இடிதாங்கி நான்தான் என்று நினைப்பு. இப்போதும் அந்த ஆசை போகவில்லை, ஆனால் நீ காலில் விழுந்து கேட்டிருக்கிறாய். போக மாட்டேன்.

ஓட்டுநரிடம் நீ கேட்டதைக் கேட்டேன். சொன்னார். அவர் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைக் கட்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாளாம். இத்தனை வருஷம் கூட இருந்தவரிடம் சொல்லாமல் போவது சரியில்லை என்று நினைத்தாளாம். போகிறேன் என்று சொல்லி, சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னாளாம். பையைப் பார்த்ததும் இவருக்கு வெறி வந்துவிட்டது. லாரி ஜாக்கியின் கம்பி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்திருக்கிறது. அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

“சொல்லாம போயிருந்தா இன்னிக்கு இருந்திருப்பா” என்றார். அழவில்லை. ஒரு சட்டையை மடித்து அடுக்கில் வைத்தார்.

அவருக்கு ஒரு வரி நன்றி எழுதுவாயா என்று நான்தான் கேட்கிறேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். விடுதியில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கண்ணாடிக் கடை முதலாளி வந்து பார்த்தார், வேலை அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நீ முதுகையும் விலாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்.

ஓட்டுநருக்கு நன்றி எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை அண்ணா. நான் உயிரோடு இருப்பதற்கு அவர் காரணம், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாசலில் அவர் நின்ற இடத்தில்தான் என் புருஷனும் நின்றார். நான் நின்ற இடத்தில் அவள் நின்றாள். நன்றி என்று எழுதினால் அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அவருக்குக் கை கொடுக்கிற மாதிரி இருக்கிறது. என்னால் ஆகாது. அவரிடம் இதை அப்படியே சொல்லிவிடு, இனிப்புத் தடவாதே.

அந்தப் பொய்யான பதினோராம் பகுதியை என் புருஷன் இணையத்திலும் போட்டிருந்தார். எடுத்துவிட்டேன். வேறு எழுதப் போகிறேன். வாசகர்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள், இடிதாங்கி சேர்த்து வைத்த அத்தனை அடியையும் இந்தப் பகுதியில் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டுமாம். என் பகுதியில் அவன் வரவே மாட்டான். ஒரு பெண் வருவாள். செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு கதவைத் திறப்பாள். திட்டட்டும்.

அவளுக்கு ஒரு பெயர் வேண்டும். ஓட்டுநர் மனைவியின் பெயரைக் கேட்டு எழுது. சொல்ல மாட்டேன் என்றால் விட்டுவிடு, நெருக்காதே.

தங்கை


ஜூன் 27

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். உன் இடது கை எழுத்து உன் பழைய வலது கை எழுத்தைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

நீ சொன்னதை அப்படியே ஓட்டுநரிடம் படித்துக் காட்டினேன், ஒரு வார்த்தையையும் விடவில்லை. நன்றி சொல்ல முடியாது என்ற இடத்தில் தலையை ஆட்டினார், அது நியாயம் என்பது போல. பெயர் கேட்ட இடத்தில் போர்வை மேல் வைத்த இஸ்திரிப் பெட்டியை எடுக்காமலே நின்றுவிட்டார். போர்வை கருகிப் புகை வந்தது. பூட்டுக்காரர்தான் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார். போர்வையைக் கருக்கியதற்கு வார்டன் ஓட்டுநரின் கன்னத்தில் இரண்டு விட்டார். அதற்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து வந்து சொன்னார். உள்ளே வந்த பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவையாம். கொதிகலன் சத்தத்தில் இரண்டாவது முறை கேட்க வேண்டியிருந்தது. இத்துடன் தனித் துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மைக்காரம்மா அதை அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

போகும்போது கதையில் அவள் வெளியே வந்துவிடுவாளா என்று கேட்டார். வந்துவிடுவாள் என்றேன்.

“வாசலோட நிறுத்திடாம எழுதச் சொல்லு” என்றார். “தெருவுல நடக்கறது, பஸ் ஏறுறது, போய் இறங்குறது, எல்லாத்தையும் எழுதச் சொல்லு. வாசல் வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.”

அன்போடு,
அண்ணன்